இரவில் ஆறாத கடல்

கடலட்டை (கடல்வெள்ளரி) வளர்க்கும் பண்ணைகளுக்குப் போய் அட்டைகளின் உடல்நிலை பார்ப்பது என் வேலை. யாழ்ப்பாணத் தீவுகளான வேலணை, புங்குடுதீவு, மண்டைதீவுப் பக்கங்களில், இடுப்பளவுத் தண்ணீரில் தடி நட்டு வலை கட்டிய அடைப்புகளுக்குள் இறங்குவேன். தடவிப் பிடித்து, நிறை பார்த்து, தோலைப் பார்த்துவிட்டுத் திரும்ப விடுவேன். கரையேறியதும் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: எத்தனை செத்தது? பண்ணைக்காரர் கேட்பார், கடன் கொடுத்தவர் கேட்பார், நிரப்ப வேண்டிய படிவமும் அதையே கேட்கும். கடல் சூடாவதால் வரும் கேடு அந்தக் கேள்விக்குள் அகப்படுவதில்லை என்று இந்த வேலையில்தான் படித்தேன்.

நாங்கள் வளர்க்கும் இனத்துக்கு வெள்ளை அட்டை என்று பெயர். நல்ல அட்டையைக் கையில் எடுத்தால் உடனே சுருங்கி இறுகும். முதுகு கருஞ்சாம்பல், குறுக்கே மடிப்புகள், அடிப்பக்கம் வெள்ளை. மணலில் விட்டால் கொஞ்ச நேரத்தில் தன் வேலையைப் பார்க்கத் தொடங்கிவிடும். சோர்ந்த அட்டை அப்படியில்லை. கையில் தொய்ந்து கிடக்கும், அதன் சளி விரலோடு நூலாக இழுபடும். பின்துவாரத்தைச் சுற்றித் தோல் உரிந்து வெள்ளையாகத் தெரியும். அட்டை மூச்செடுப்பதும் அந்தத் துவாரத்தால்தான். மரக்கிளை போல உள்ளே விரிந்திருக்கும் சுவாச உறுப்புக்குள் தண்ணீரை இழுத்து வெளியே தள்ளும். சித்திரை மாதத்தில் ஒன்றைத் தட்டுத் தண்ணீரில் வைத்துப் பார்த்தால், துவாரம் திறந்து மூடும் வேகத்திலேயே அது படும் பாடு விளங்கும். அந்த அட்டை சாகவில்லை. ஆகவே படிவத்தில் அதற்கு இடமில்லை.

இரவைப் பற்றி யோசிக்க வைத்தவர் ஒரு காவல்காரர். களவுக்குப் பயந்து பண்ணைகளில் கடலுக்குள்ளேயே கொட்டில் போட்டு இரவு முழுக்கக் காவல் இருப்பார்கள். வயதான மனிதர். ஒரு கோடையில் என்னைக் கண்டதும் சொன்னார்: "பிள்ளை, இந்த முறை அட்டை தாழுதில்லை. விடிஞ்ச பிறகும் மேலதான் கிடக்குது. ராவிலயும் தண்ணி ஆறேல்லை."

சின்ன அட்டைகள் விடியும்போது மண்ணுக்குள் புதைந்து, பொழுதுபடத்தான் வெளியே வரும். பகலிலும் மேலே கிடந்தால் அடிமண்ணில் ஏதோ சரியில்லை. பெரும்பாலும் அது ஒட்சிசன் குறைவு. அவர் சொன்னதில் எனக்குப் பெரிதாகப் பட்டது கடைசி வசனம்.

அட்டை, நண்டு, இறால், கணவாய், சிப்பி எதற்கும் உடற்சூட்டைத் தானே சீராக்கும் வசதி கிடையாது. தண்ணீர் என்ன சூடோ உடம்பும் அந்தச் சூடு. 10 பாகை செல்சியஸ் கூடினால் உடலின் இயக்கம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது பொதுவான கணக்கு. இயக்கம் கூடக் கூட ஒட்சிசனும் தீனியும் கூடுதலாக வேண்டும். ஆனால், 20 பாகைக் கடல்நீரில் லீற்றருக்கு 7 மில்லிகிராமுக்குச் சற்று மேலே கரையும் ஒட்சிசன், 30 பாகையில் 6 சொச்சமாகக் குறைந்துவிடும். தேவை ஏறுகிற நேரத்தில் இருப்பு இறங்குகிறது. பகலில் கடற்புல்லும் பாசியும் ஒட்சிசனை வெளிவிடுவதால் இது வெளியே தெரியாது. இரவில் அவையும் சேர்ந்து எடுக்கும். ஆகக் குறைவாக இருப்பது விடியப் போகிற நேரம்தான். எங்கள் கடல்நீரேரி ஆழமில்லாதது. தென்மேற்குப் பருவக்காற்றான சோளகம் எழும்புவதற்கு முன், காற்று விழுந்து கிடக்கும் இரவுகளில், கடலுக்குக் குறுக்கே வீதிக்காகப் போட்ட தாம்போதிகள் நீரோட்டத்தை மறித்த மூலைகளில் தண்ணீர் 30 பாகைக்குக் கீழே இறங்காமல் நிற்கும். பகலில் பட்ட சூட்டிலிருந்து உயிர்கள் தேறி எழும்ப இருக்கிற ஒரே நேரம் இரவு. அது பறிபோனால் அடுத்த நாள் வெயிலைக் கடனோடுதான் தொடங்க வேண்டும்.

நாங்களோ காலை பத்து மணிக்குப் படகேறி, பதினொன்றுக்கு மானியைத் தண்ணீரில் விட்டு, ஒட்சிசன் நன்றாக இருக்கிறது என்று எழுதுகிறோம். அந்த அளவு பொய்யில்லை. ஆனால் அட்டை மூச்சுத் திணறிய நேரத்தை அது சொல்லவில்லை. விடியப்புற அளவையும் ஒரு நிரலாகச் சேர்க்கச் சொல்லிக் கேட்டபோது, அலுவலக நேரத்துக்கு வெளியே ஆள் அனுப்ப முடியாது என்று ஓர் இடத்திலிருந்து பதில் வந்தது. இன்றைக்கும் எனக்கு அது ஆற்றாமைதான்.

அப்படியே பலவீனப்பட்ட உடம்பு நோய்க்கு இடங்கொடுக்கும். முதுகெலும்பில்லாத உயிர்களுக்கு எங்களைப் போல, கிருமிகளை அடையாளம் கண்டு தாக்கும் பிறபொருளெதிரிகள் உண்டாகும் ஏற்பாடு இல்லை. உடற்குழித் திரவத்தில் திரியும் கலங்கள் (செல்கள்) கிருமிகளை விழுங்கியும் சுற்றி வளைத்தும் போராடும். சூடு அந்தக் கலங்களைத் தளர்த்துகிறது, விப்ரியோ போன்ற பக்டீரியாக்களைப் பெருக்குகிறது. பசிபிக்கின் வட அமெரிக்கக் கரையில் 2013 முதல் நட்சத்திரமீன்கள் கரைந்து செத்தன. சூரியகாந்தி நட்சத்திரமீனில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் போய்விட்டது. காரணம் ஒரு விப்ரியோ இனம் என்று 2025இல்தான் நிரூபித்தார்கள். சூடான தண்ணீரில் அழிவு மோசமாக இருந்ததையும் கண்டார்கள். நட்சத்திரமீனும் கடலட்டையும் முட்தோலிகள், ஒரே வகுதியைச் சேர்ந்த உறவுகள். அந்தச் செய்தியைத் தூரத்துச் செய்தியாக என்னால் வாசிக்க முடியவில்லை.

அலாஸ்காப் பக்கத்துப் பெரிங் கடலில் 2018, 2019 வெப்ப அலைக்குப் பிறகு 1,000 கோடிக்கும் மேற்பட்ட பனி நண்டுகள் காணாமற் போயின. 2022இல் அங்கே அந்த நண்டுத் தொழிலையே மூடினார்கள். ஆய்வாளர்கள் முதன்மைக் காரணமாகக் கண்டது பட்டினி. நண்டு தாங்கக்கூடிய சூடுதான் அது. ஆனால் அந்தச் சூட்டில் உடம்பு கேட்ட தீனி கடலில் இருக்கவில்லை. மெலிந்த அட்டையை நிறுக்கும்போதெல்லாம் எனக்கு இந்த நண்டுகளின் நினைப்பு வரும். தின்றுகொண்டேதான் இருக்கிறது, நிறை ஏறவில்லை. பண்ணைக்காரர் குஞ்சு சரியில்லை என்பார், குஞ்சு விற்றவர் மண் சரியில்லை என்பார்.

பிறகு மாரி வரும். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் இறங்கி உப்புத்தன்மை சட்டென்று விழும்போது அட்டைகள் குடலைக் கக்கும். இழந்த குடல் திரும்ப வளரக் கிழமைக்கணக்கில் ஆகும், அதுவரை தீனி இல்லை. நல்ல தேகமென்றால் தேறிவிடும். கோடை முழுக்கச் சேமிப்பைக் கரைத்த அட்டை தேறாது. செத்தவற்றை எண்ணி, காரணம் என்ற இடத்தில் 'மழைவெள்ளம்' என்று எழுதுவார்கள். சித்திரையில் பட்ட அடி அந்தக் கணக்கில் ஏறாது. வருடா வருடம் இப்படித்தான் வெப்பத்தின் பங்கு மழையின் பெயரில் பதியப்படுகிறது. கடல் சூடாவதால் இங்கே பாதிப்பில்லை என்று யாராவது சொல்லும்போது எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

எல்லாவற்றையும் வெப்பத்தின் தலையில் கட்டவும் மாட்டேன். அளவுக்கு மிஞ்சிக் குஞ்சு விடுவது, வலையில் பாசி படிந்து தண்ணீர் ஓட்டம் அடைபட விடுவது, அடைப்புக் கட்டுவதற்காகக் கடற்புல்லை மிதித்து அழிப்பது எல்லாம் எங்கள் கையில் இருப்பவை. வெப்பம் இந்தக் குறைகளைப் பெருப்பிக்கிறது.

இப்போது சில பண்ணைகளில் ஒட்சிசன் மானியைக் காவல்காரரிடமே கொடுத்திருக்கிறோம். விடிய நாலரைக்கு அளந்து, கொப்பியில் எழுதி வைப்பார்கள். கூடவே எத்தனை அட்டை தாழாமல் கிடக்கிறது என்றும் எழுதுவார்கள். பங்குனி பிறக்க முன் பெரிய அட்டைகளை அறுவடை செய்து நெருக்கத்தைக் குறைக்கும்படியும், புதுக் குஞ்சுகளைக் கோடை உச்சத்தில் இறக்க வேண்டாம் என்றும் சொல்கிறோம். கேட்பவர்களும் உண்டு. தவணைக்காரர் வாசலில் நிற்பதால் கேட்க முடியாதவர்களும் உண்டு, அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

வலைக்கு வெளியே இருப்பவைக்குத்தான் காவல் இல்லை. சிறு மீன்பிடித் தொழிலாளரின் வலையில் படும் நீலக்கால் நண்டு, சங்கு, தீவுப் பக்கத்து முருகைக்கற்கள் (பவளப்பாறைகள்) எல்லாம் இதே தண்ணீரில்தான் கிடக்கின்றன. சூட்டால் முருகைக்கல் நிறம் இழப்பதை வெளிறல் என்பார்கள். 2023இல் தொடங்கிய உலகளாவிய வெளிறலில் உலக முருகைக்கற் பரப்பின் 84 வீதம் வெளிறச் செய்யும் வெப்பத்துக்கு ஆளானது. நண்டு வலை இழுக்கும் இடங்களிலும் ஒரு வருடம் முழுக்க, இரவு பகலாகச் சூட்டைப் பதியும் கருவிகளைப் போட வேண்டும் என்று கேட்டு எழுதியிருக்கிறேன். கடிதத்தோடு காவல்காரரின் கொப்பிப் பக்கங்களையும் படியெடுத்து இணைத்திருக்கிறேன்.