தமிழ் டொமைன் வாங்கி வைத்த நான்கு ஆண்டுகள்

இப்போது என் கையில் 19 டொமைன் பெயர்கள், அதாவது இணையதள முகவரிப் பெயர்கள், இருக்கின்றன. இரண்டு ஆண்டுக்கு முன்னால் 43 இருந்தன. விற்றவை மூன்றே மூன்று. மற்றவற்றைப் பெரும்பாலும் ஆண்டுக் கட்டணம் கட்டிப் புதுப்பிக்காமல் நானே விட்டுவிட்டேன். போட்ட பணத்தில் பாதிக்குச் சற்று மேல் திரும்பி வந்திருக்கிறது. ஆங்கில டொமைன் வாங்கி விற்பது பற்றி எங்கு பார்த்தாலும் எழுதியிருக்கிறார்கள், தமிழ் எழுத்தில் வாங்கினால் என்ன ஆகும் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடைப்பதில்லை. அதனால் என் கணக்கை அப்படியே எழுதி வைக்கிறேன்.

2021 கடைசியில் தொடங்கினேன். முதல் வாரத்திலேயே 14 பெயர்கள். பனித்துளி, நிலாமுற்றம் மாதிரியான சொற்களாகத் தேடித் தேடிப் பதிவு செய்தேன். ஒவ்வொன்றும் இன்னும் யாரும் எடுக்காமல் கிடக்கிறதே என்று மனசு துள்ளியது. யாரும் ஏன் எடுக்கவில்லை என்று அப்போதே நின்று யோசித்திருக்க வேண்டும். அந்த 14-இல் இன்று மிஞ்சியிருப்பது ஒன்று.

தமிழ் முகவரி என்பது நேற்று வந்த விஷயம் இல்லை. 2007-இலேயே, உலக அளவில் இணைய முகவரிகளை ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பு, சோதனைக்காக 11 பெயர்களை எல்லா முகவரிகளுக்கும் மூலமான வேர்ப் பட்டியலில் சேர்த்தது, அதில் ஒன்று தமிழ்: உதாரணம்.பரிட்சை. 2009-இல் முகவரியின் கடைசியில் வரும் நாட்டுக் குறியீடுகளையும் அவரவர் எழுத்தில் வைத்துக்கொள்ள ஒப்புதல் கிடைத்தது. 2010 மே மாதம் எகிப்து, சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவற்றின் அரபுப் பெயர்கள் முதலில் வந்தன. தமிழ் எழுத்தில் எழுதிய நாட்டின் பெயரோடு முடியும் முகவரி வகைகள் மூன்று இருக்கின்றன: டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர். மூன்று நாடுகளின் முகவரிப் பலகையில் நம் எழுத்து இருப்பதை நினைத்தால் எனக்கு இன்னும் பெருமையாகத்தான் இருக்கிறது. இந்தப் பொழுதுபோக்கில் நான் இறங்கியதற்கு உண்மையான காரணமும் அதுதான்.

உள்ளே வேலை நடக்கும் விதம் எளிது. முகவரியைத் தேடிக் கண்டுபிடிக்கும் டிஎன்எஸ் அமைப்பின் பயன்பாட்டில் ரோமன் எழுத்து, எண், இடைக்கோடு இவை மட்டும்தான் புழங்கும். அதனால் தமிழ்ச் சொல்லைப் பியூனிகோடு என்ற முறையில் ரோமன் எழுத்துகளாக மாற்றுகிறார்கள். எக்ஸ், என், அப்புறம் இரண்டு இடைக்கோடு என்று அது தொடங்கும். "இந்தியா" என்று மாறும்போது 17 எழுத்தாகிறது, "சிங்கப்பூர்" 22 எழுத்தாகிறது. ஒரு பெயருக்கு உச்ச வரம்பு 63 என்பதால், மூன்று நான்கு சொற்களைச் சேர்த்து நீளமாக வைக்கிறவர்கள் கவனிக்க வேண்டும். நான் பதிவு செய்த ஒரு நீளமான பெயர் வரம்பைத் தாண்டாமல் தப்பித்தது, ஆனால் அதன் பியூனிகோடு வடிவத்தைப் பார்த்த ஒருவர் ஏதோ வைரஸ் இணைப்பு என்று நினைத்துத் திறக்கவே மறுத்துவிட்டார்.

எனக்கு அதிகம் செலவு வைத்த பாடம் எழுத்தில்தான் இருந்தது. "கௌ" என்று தொடங்கும் ஒரு நல்ல பெயர் என்னிடம் இருந்தது. ஓராண்டு முழுக்க அதைத் தட்டச்சு செய்து வந்தவர் ஒருவரும் இல்லை. நண்பர் ஒருவரிடம் பெயரைச் சொல்லித் திறந்து பார்க்கச் சொன்னேன். "வரவில்லையே" என்றார். திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். படத்தில் பெயர் சரியாகத்தான் இருந்தது, எழுத்துக்கு எழுத்து. அரை மணி நேரம் கழித்துத்தான் பிடிபட்டது. நான் பதிவு செய்ததில் ஔகாரக் குறி ஒரே குறியீடு. அவர் ஒற்றைக்கொம்பு, க, ள என்று கண்ணுக்குத் தெரிகிறபடி அடித்திருந்தார். "கௌ", "கெள" இரண்டும் நமக்கு ஒன்றுதான். கணினிக்கு இரண்டும் வெவ்வேறு சொற்கள், வெவ்வேறு முகவரிகள். ஔவை, ஒளவை கதையும் இதேதான். ஔ ஓர் எழுத்து; பாதிப் பேர் ஒ, ள என்று இரண்டாக அடிக்கிறார்கள். ஸ்ரீ இன்னும் மோசம்: ஸ போட்டும் எழுதலாம், ஶ போட்டும் எழுதலாம், பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவமாகத் தெரியும். ஆனால் ஒகர, ஓகாரக் குறிகளில் இந்தத் தொல்லை இல்லை. கொம்பையும் காலையும் தனித்தனியாக அடித்தாலும் கணினியே சேர்த்து ஒரே குறியீடாக்கிக்கொள்கிறது.

அன்றிலிருந்து ஔ, ஸ்ரீ வருகிற எந்தப் பெயரையும் நான் தொடுவதில்லை. சில பதிவகங்கள், அதாவது டாட் இந்தியா மாதிரியான முடிவுகளை நடத்தும் அமைப்புகள், இப்படி ஒத்துத் தெரியும் வடிவங்களை ஒரே ஆளுக்கு ஒதுக்கிவைக்கின்றன அல்லது இரண்டாவதைத் தடுத்துவிடுகின்றன. எல்லாரும் அப்படிச் செய்வதில்லை. வாங்கும் முன் அந்தப் பதிவகம் அனுமதிக்கும் எழுத்துகளின் அட்டவணையை ஒருமுறை படித்துவிட வேண்டும்.

அடுத்தது ஒற்று. இதை வேறு எந்த மொழிக்காரரும் எழுதியிருக்க வாய்ப்பில்லை என்பதால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். "வீட்டுக்கடன்" என்று ஒருவர் எழுதுவார், "வீட்டுகடன்" என்று இன்னொருவர் எழுதுவார். தேடுபொறி இரண்டையும் புரிந்துகொண்டு ஒரே பக்கத்தைக் காட்டிவிடும். டொமைன் அப்படிப் பொறுத்துப்போகாது, ஒரு க் குறைந்தாலும் வேறு வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தும். நான் ஒரு சோதனை வைத்துக்கொண்டேன். பெயரைத் தொலைபேசியில் ஐந்து பேரிடம் வாயால் மட்டும் சொல்வேன். எழுதி அனுப்பச் சொல்வேன். ஐந்து பேரும் ஒரே மாதிரி எழுதினால் பெயர் தேறியது. வல்லினம் மிகும் இடம் உள்ள பெயர்களில் ஐந்துக்கு மூன்று பேர் ஒற்றை விட்டுவிடுகிறார்கள். ழ, ள குழப்பம் நான் பயந்த அளவுக்கு இல்லை. ண, ன குழப்பம்தான் அதிகம். இந்தச் சோதனையை முதல் வாரத்திலேயே செய்திருந்தால் 14-இல் பத்தை வாங்கியே இருக்க மாட்டேன்.

இடையில் நாட்டுக் குறியீடுகள் பக்கமும் போனேன். தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் எழுதி, டாட் இன் மாதிரியான ஈரெழுத்து நாட்டுக் குறியீட்டோடு சேர்த்து எட்டுப் பெயர்கள். நம்மில் நிறையப் பேர் தமிழையே ரோமன் எழுத்தில் அடிப்பவர்கள் என்பதால் இது தேறும் என்று நினைத்தேன். அதில் ஒரு பெயர் பறிபோனது. அந்தக் குறியீட்டை வைத்திருக்க அந்த நாட்டில் முகவரி வேண்டும் என்ற விதியை நான் படிக்கவில்லை. பெயரைப் பதிவு செய்து தரும் பதிவாளர் பணத்தை வாங்கிக்கொண்டார், பெயரும் வந்தது, ஏழாவது மாதம் ஆவணம் கேட்டு மின்னஞ்சல் வந்தது, பெயர் போனது. பணம் திரும்ப வரவில்லை.

அதற்குப் பிறகுதான் வரலாற்றையும் சேர்த்துப் படித்தேன். ஈரெழுத்துக் குறியீடு என்பது நாடுகளுக்குக் குறியீடு தரும் பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 3166 பட்டியலிலிருந்து வருகிறது, அந்தந்த நாட்டின் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. யூகோஸ்லாவியா போனது, 2010-இல் அதன் குறியீடான டாட் ஒய்யூவும் போனது. அதே ஆண்டு லிபியாவின் டாட் எல்ஒய் பதிவகம், ஓர் இணைப்புச் சுருக்கி முகவரியை உள்ளூர்ச் சட்டத்துக்கு ஒவ்வாது என்று திரும்ப எடுத்துக்கொண்டது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியதும், 2021 தொடக்கத்தில் பிரிட்டனில் வசித்தவர்களின் டாட் ஈயூ (ஒன்றியத்தின் குறியீடு) பெயர்கள் ஆயிரக்கணக்கில் நிறுத்திவைக்கப்பட்டன. சாகோஸ் தீவுகளை மொரிஷியசுக்குத் தரும் ஒப்பந்தம் 2025 மே மாதம் கையெழுத்தானபோது, அந்தத் தீவுகளின் குறியீடான டாட் ஐஓ வைத்திருந்தவர்கள் எல்லாரும் கவலையோடு செய்தி பார்த்தார்கள். மறுபக்கமும் உண்டு. அங்குவில்லா என்ற சின்னத் தீவு, தன் குறியீடான டாட் ஏஐ மூலம் 2023-இல் மட்டும் சுமார் 3.2 கோடி அமெரிக்க டாலர் சம்பாதித்தது. சம்பாதித்தது தீவு என்பதைக் கவனியுங்கள். பெயரை வைத்திருப்பவர் வாடகைதாரர், வாடகையை உயர்த்துவதும் விதியை மாற்றுவதும் வீட்டுக்காரர் கையில். முதல் ஆண்டுக்கு மலிவாகக் கொடுத்துவிட்டு, புதுப்பிக்கும்போது பல மடங்கு கேட்பதும் சகஜம். புதுப்பிப்புக் கட்டணத்தைப் பார்க்காமல் வாங்கவே கூடாது. இந்த எட்டில் இப்போது இரண்டு வைத்திருக்கிறேன்.

இன்னொரு விஷயத்தில் தப்பித்தேன். ஒரு பெரிய நிறுவனத்தின் பெயர் தமிழ் எழுத்தில் யாரும் எடுக்காமல் கிடந்தது. கூடையில் போட்டுவிட்டேன், பணம் கட்டும் பக்கம் வரை போய்விட்டேன். எழுத்து மாறினாலும் ஒலி அவர்களுடையதுதானே என்று உறுத்தியதால் விட்டுவிட்டேன். பின்னர் படித்தபோது, டொமைன் பெயர்த் தகராறுகளைத் தீர்க்க 1999 முதல் இருக்கும் யூடிஆர்பி விதியின்படி இப்படிப்பட்ட பெயர்களை நிறுவனங்கள் கேட்டு வாங்கிவிட முடியும் என்று தெரிந்தது. பல நாட்டுக் குறியீடுகளுக்குத் தனித் தீர்வு விதிகளே இருக்கின்றன. பொதுச்சொல், அதுவும் யாருடைய பெயரையும் ஒட்டாத பொதுச்சொல், இதுவே என் எல்லை.

சரி, விற்ற கதை. மூன்றில் இரண்டு ரோமன் பெயர்கள், ஏலத்தில் போயின, அவற்றில் சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாவதுதான் முழுத் தமிழ்ப் பெயர். "பாடம்" என்ற சொல்லில் தொடங்குவது. குழந்தைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஓர் ஆசிரியை, பார்க்கிங் பக்கத்தில், அதாவது தளம் இல்லாத பெயருக்கு ஒப்புக்குப் போட்டுவைக்கும் பக்கத்தில், இருந்த படிவம் வழியாக எழுதினார். பேசினோம். முதல் கேள்வியே, "சார், இதுல மின்னஞ்சல் வேலை செய்யுமா?" என்பதுதான். இல்லாததைச் சொல்லி விற்க எனக்கு விருப்பமில்லை. தமிழ் முகவரிக்கு மின்னஞ்சல் போகும் தரம் 2012-இலேயே வந்துவிட்டது, ஜிமெயில் 2014 முதல் அப்படிப்பட்ட முகவரிகளோடு பேசுகிறது, ஆனால் எல்லா இடத்திலும் நம்பி இருக்க முடியாது என்றேன். "அப்ப மெயிலுக்கு வேற பேர் வெச்சுக்கிறேன். இது புத்தக அட்டையில போடத்தான்" என்றார்.

பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் முகவரியை ஒரு செய்திச் செயலியில் ஒட்டி எனக்கு அனுப்பினார். வழக்கமாக இணைப்பு முழுதும் நீல நிறமாகும். இதில் "ப" மட்டும் நீலமாகி, துணைக்காலில் நிறம் நின்றுவிட்டது. தமிழின் உயிர்க்குறிகளை எழுத்தாகவே எண்ணாத ஏதோ ஒரு நிரல். அதைத் தட்டினால் எங்கும் போகவில்லை. விற்பனை கைநழுவியது என்றே நினைத்தேன். அவரோ உலாவியில் கையால் அடித்துப் பார்த்தார், பக்கம் உடனே திறந்தது. "பிள்ளைங்க அட்டையைப் பார்த்து அடிக்கத்தான் போறாங்க சார். அதுவே ஒரு எழுத்துப் பயிற்சி" என்றார். அந்தப் பெயருக்குச் செலவழித்த ஆண்டுக் கட்டணங்களைப் போல ஆறு மடங்கு தந்தார். எஸ்க்ரோ வழியாக, அதாவது நடுவில் ஒருவர் பணத்தைப் பிடித்துவைத்துத் தரும் முறையில், பணம் வந்ததும் பெயரை மாற்றிக்கொடுத்தேன். அவரிடம் ஒன்றைக் கேட்டுக்கொண்டேன்: அந்தச் செயலிக்காரர்களுக்கு நீங்களும் புகார் எழுதுங்கள், நானும் எழுதுகிறேன். இருவரும் எழுதினோம். ஐந்தாறு மாதம் கழித்து அதே இணைப்பை மறுபடி ஒட்டிப் பார்த்தேன், முழுதும் நீலமாகியிருந்தது. எங்கள் புகாரால்தான் சரி செய்தார்களா என்று தெரியாது, ஆனாலும் அன்று அவருக்கு அதே இணைப்பை அனுப்பி வைத்தேன்.

இப்போது வாங்குவதைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டேன். வைத்திருக்கும் 19-இல் நான்கு பெயர்களில் சும்மா பார்க்கிங் பக்கம் போடாமல், இரண்டு மூன்று பக்கம் உருப்படியாக எழுதிப் போட்டிருக்கிறேன்; நேரடியாகத் தட்டச்சு செய்து வருகிறவர்கள் அவற்றுக்குத்தான் இருக்கிறார்கள். அடுத்த மாதம் ஆறு பெயர்களுக்குப் புதுப்பிப்புத் தேதி. இரண்டை விடுவது உறுதி. மூன்றை வைத்துக்கொள்வேன். மிச்சம் ஒன்றில் வல்லினம் மிகும் இடம் ஒன்று இருக்கிறது. இதுவரை மூன்று பேரிடம் தொலைபேசியில் சொல்லிவிட்டேன், மூவரும் ஒற்றுப் போட்டே எழுதி அனுப்பியிருக்கிறார்கள். இன்னும் இரண்டு பேரிடம் கேட்க வேண்டும்.