உயர்தரப் புவியியல்: தகட்டோட்டுக் கேள்வியை நான் படித்த விதம்

பூமியின் மேற்பகுதியில் நகரும் பெரும் பாறைத் தகடுகள் மோதும் இடத்தில் மலையும் கண்டமும் எப்படி வளர்கின்றன? உயர்தரத்தில் இந்தத் தகட்டோட்டுக் கேள்விக்கு முதல் தடவை நான் எழுதியது இவ்வளவுதான்: இரண்டு தகடுகள் மோதின, நிலம் மடிந்தது, மலை வந்தது. பிழையில்லை, ஆனால் பாதி விடை. மடிப்பு ஏற்கனவே இருக்கிற பூமியின் மேலோட்டைத்தான் தடிப்பாக்கும். கண்டம் புதிதாக வளர வேண்டுமென்றால் கீழேயிருந்து சரக்கு வர வேண்டும், அதுதான் மக்மா, அதாவது உருகிய பாறை. இந்த வித்தியாசம் பிடிபட்ட பிறகுதான் எனக்கு அந்தப் பாடமே பிடித்தது.

தம்பி தங்கச்சிமாரே, முதலில் தென் அமெரிக்காவின் மேற்குக் கரையோர மலைத்தொடரான அந்தீசை வரையுங்கள். நான் கொப்பியில் பசிபிக் கடலடியிலுள்ள நாஸ்கா தகட்டை நீலப் பேனையாலும் மக்மாவைச் சிவப்பாலும் வரைந்து, விரலால் தொட்டுத் தொட்டுச் சொல்லிப் பார்ப்பேன். நாஸ்கா தென் அமெரிக்காவுக்கு அடியில் அமிழ்கிறது, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஆழம் போனதும் அதன் கனியங்களுக்குள் இருந்த நீர் வெளியேறி மேலேயுள்ள மூடிப் பாறைக்குள் (ஓட்டுக்குக் கீழே உள்ள அடுக்கு) புகுகிறது, நீர் சேர்ந்ததும் அந்தப் பாறை உருகும் வெப்பநிலை இறங்கிவிடுகிறது. சூடு கூடி உருகவில்லை, இதைக் கவனியுங்கள். உராய்வுச் சூட்டில் தகடு உருகுகிறது என்று நானும் எழுதிப் புள்ளி இழந்தேன். சரி, உருகிய மக்மா எல்லாம் எரிமலையாக வெளியே வருமா? இல்லை. பெரும்பகுதி ஓட்டுக்குள்ளேயே தேங்கி, பழைய பாறையையும் கொஞ்சம் உருக்கிச் சேர்த்துக்கொண்டு, கருங்கல்லாக இறுகுகிறது. சாதாரணக் கண்ட ஓடு 35-40 கிலோமீட்டர்தான், மத்திய அந்தீசில் 70 வரை போகிறது. அதில் பெரும் பங்கு நெருக்கி மடித்ததால் வந்தது, மக்மா தன் பங்கைச் சேர்த்தது. இரண்டையும் எழுதுங்கள்.

இமயத்தில் ஏன் எரிமலை இல்லை என்று கேட்டால் பயப்பட வேண்டாம். சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா ஆசியாவோடு மோதியபோது இடையிலிருந்த கடல் ஓடு அமிழ்ந்து தீர்ந்தது, நீர் கொண்டுபோக ஆளில்லை. அதற்கு முன் எழுந்த மக்மா இன்றும் தெற்குத் திபெத்தில் கருங்கல்லாகக் கிடக்கிறது.

அப்புறம் நம் இலங்கை மலைநாடு. மழை விட்ட காலையில் எங்கள் லயத்துக்குப் பின்னால் ரோட்டுக்கு வெட்டிய பாறையைக் கிட்டப் போய்ப் பார்த்தேன், கறுப்பும் வெள்ளையுமாக வரி, நடுவே கடலைப்பருப்பு அளவில் சிவப்புக் கார்னெட் கனியம். இது எரிமலைக் கல் இல்லை. 55-60 கோடி ஆண்டுகளுக்கு முன் கோண்ட்வானா என்ற பழைய பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த மோதலில் தடித்த ஓட்டுக்குள், 20 கிலோமீட்டருக்கும் கீழே வெந்த பாறை. மேலே இருந்ததெல்லாம் அரித்துப் போய்விட்டது. அந்தீசுக்கு அடியில் நடப்பதை மனத்தில் கொண்டுவர முடியாவிட்டால், இப்படியொரு பாறையில் கை வைத்துவிட்டு வந்து படத்தை வரையுங்கள்.