குளிரில் வீங்கும் விரல்கள்: நான் சமாளிக்கும் விதம்

குளிர் ஏற ஆரம்பித்தால் எனக்கு முதலில் விரல்களில்தான் தெரியும். கணுவுக்கும் நகத்துக்கும் நடுவில் சின்னச் சின்னச் சிவப்புத் திட்டுகள் வரும். அப்புறம் அவை கருஞ்சிவப்பாகித் தடித்து, தோல் பளபளக்கும் அளவுக்கு வீங்கிவிடும். தொட்டால் வலி, தொடாவிட்டால் நமைச்சல். சட்டைப் பொத்தானைப் பிடிக்கும் இடம் சரியாக அந்த வீங்கிய இடமாகவே இருக்கும். இரவில் இன்னும் மோசம். போர்வைக்குள் கை சூடானதும் எரிச்சல் கிளம்பி, தூக்கம் போய்விடும்.

மூட்டுவாதமாக இருக்குமோ என்ற பயத்தோடுதான் மருத்துவரிடம் போனேன். அவர் என் விரல் மூட்டுகளை ஒவ்வொன்றாகப் பக்கவாட்டில் பிடித்து அழுத்திப் பார்த்தார், வலிக்கவில்லை. மேலே உள்ள தோலை லேசாகத் தொட்டார். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டேன். "வீங்கியிருப்பது தோல், மூட்டு இல்லை" என்றார். காலையில் எழுந்ததும் விரல்கள் வெகுநேரம் மடங்காமல் விறைத்து நிற்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். இதற்கு சில்பிளேன்ஸ் என்று பெயர் சொன்னார். பெயர் தெரிந்ததே பாதி நிம்மதி.

அவர் விளக்கிய விதம் எனக்கு நன்றாகப் புரிந்தது. குளிர் பட்டதும் தோலில் இருக்கும் நுண்ணிய ரத்தக்குழாய்கள் சுருங்கிவிடுகின்றன. உடலின் நடுப்பகுதியில் உள்ள சூட்டைக் காப்பாற்ற உடல் செய்யும் ஏற்பாடு அது. பிறகு கையைச் சட்டென்று சூடாக்கினால் ரத்தம் உள்ளே வரும் குழாய்கள் வேகமாக விரிகின்றன, வெளியே போகும் குழாய்கள் அந்த வேகத்துக்கு விரிவதில்லை. தேங்கிய இடத்தில் நீர் கசிந்து தோல் வீங்குகிறது. ஆக, குளிர் பாதிக் காரணம் என்றால், குளிருக்குப் பிறகு வரும் அவசரச் சூடு மீதிக் காரணம். பனி உறையும் அளவுக்குக் குளிர வேண்டும் என்றுகூட இல்லை. உறைநிலைக்கு மேலே, ஈரத்தோடு சேர்ந்த குளிரே போதும்.

இன்னொன்றும் சொன்னார். குளிர் பட்ட உடனே இது வருவதில்லை, 12 மணி நேரத்திலிருந்து 24 மணி நேரம் வரை கழித்துக்கூடத் தலைகாட்டும். இன்று வீங்கினால் நேற்று கை எங்கே நனைந்தது, எங்கே குளிர்ந்தது என்று யோசிக்க வேண்டும். இது தெரிந்த பிறகுதான் எனக்கு எது ஒத்துக்கொள்ளவில்லை என்பதே பிடிபட்டது. ஈரத்துணியைக் கையால் பிழிந்துவிட்டு அப்படியே வெளியே போகும் நாளுக்கு மறுநாள்தான் பெரும்பாலும் வீக்கம்.

குளிரில் விரல் வெள்ளையாகி, நீலமாகி, பிறகு சிவக்கிறதா என்றும் கேட்டார். அப்படி நிறம் மாறினால் அது ரேனோ எனப்படும் வேறு பிரச்சினையாக இருக்கலாம். 1862-இல் மோரிஸ் ரேனோ என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்ததால் அந்தப் பெயர். சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். பெரும்பாலும் ரேனோ ஆபத்தில்லாதது என்றாலும், 30 வயதுக்கு மேல் புதிதாக வந்தாலோ, வாய்ப்புண், மூட்டு வலி, வெயில் பட்டால் தோல் சிவப்பது போன்றவை கூடவே இருந்தாலோ, உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூபஸ் மாதிரி நோய் பின்னால் இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். எனக்கும் ரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுத்தார், பிரச்சினை எதுவும் இல்லை. புகை பிடிக்கும் பழக்கம் உண்டா, ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுக்கிறீர்களா, மூக்கடைப்புக்கு என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்றும் விசாரித்தார். இவை மூன்றுமே விரல்களுக்கு ரத்தம் போவதைக் குறைக்கக்கூடியவை. அதற்காக, எடுத்துக்கொண்டிருக்கும் ரத்த அழுத்த மாத்திரையை நாமாக நிறுத்திவிடக் கூடாது.

இனி நான் தினமும் செய்வது. கையைக் காப்பாற்ற முதலில் மார்பையும் வயிற்றையும் சூடாக வைத்துக்கொள்கிறேன். எனக்கு இதைவிடப் பலன் தந்தது வேறில்லை. நடு உடம்பு குளிர்ந்தால் எவ்வளவு தடிமனான கையுறை போட்டாலும் விரலுக்கு ரத்தம் வராது. உள்ளே ஒரு மெல்லிய சட்டை, மேலே கம்பளி, காதை மூடும் தொப்பி. கையுறையை வீட்டுக்குள்ளேயே, கை இன்னும் சூடாக இருக்கும்போதே போட்டுக்கொள்ள வேண்டும். வெளியே போய்க் குளிர்ந்த பிறகு போட்டால், கையுறை அந்தக் குளிரைத்தான் பொத்தி வைத்திருக்கும். விரல் விரலாகப் பிரிந்த கையுறையைவிட, கட்டைவிரல் தனியாகவும் மற்ற நான்கு விரல்கள் ஒன்றாகவும் இருக்கும் உறை நல்லது. விரல்கள் ஒன்றையொன்று சூடாக்கிக்கொள்ளும். இறுக்கமானது வேண்டவே வேண்டாம். மாற்றுக்கு ஒரு ஜோடி எப்போதும் பையில் இருக்கும். நனைந்த கையுறையோடு இருப்பதைவிட வெறுங்கையோடு சட்டைப்பைக்குள் கையை விட்டுக்கொள்வது மேல்.

வெளியிலிருந்து வந்ததும் ஹீட்டர் பக்கமோ சுடுதண்ணீர்ப் பக்கமோ போவதில்லை. மரத்துப்போன விரலுக்குச் சூடு எவ்வளவு என்று தெரியாது, தோல் வெந்தே போகலாம். கையை அக்குளில் வைத்துக்கொண்டு, அது தானாக மெல்லச் சூடேறும்வரை உட்கார்ந்திருப்பேன். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான், ஆனால் அன்றிரவு தூங்க முடிகிறது. பாத்திரம் கழுவும்போது ரப்பர் கையுறை, கழுவி முடித்ததும் விரல் இடுக்கெல்லாம் ஈரம் போகத் துடைத்து, வாசனை சேர்க்காத களிம்பு. மோதிரத்தைக் குளிர்காலம் தொடங்கும்போதே கழற்றி வைத்துவிடுகிறேன். விரல் வீங்கிய பிறகு அதைக் கழற்றுவது பெரும்பாடு.

இவ்வளவு பார்த்துக்கொண்டாலும் வந்துவிட்டால் என்ன செய்வது? கையைச் சூடாகவும் ஈரமில்லாமலும் வைத்திருந்தால் பொதுவாக 2 அல்லது 3 வாரத்தில் தானாக அடங்கிவிடும். சொறியக் கூடாது. சொல்வது எளிது, தெரியும். நமைச்சல் தாங்காதபோது விரலைச் சொறியாமல் களிம்பை மெல்லத் தடவிவிடுகிறேன், கவனம் கொஞ்சம் திரும்புகிறது. கொப்புளம் வந்தால் உடைக்காமல் விட்டுவிட வேண்டும். சீழ் வைத்தாலோ, சிவப்பு விரலைத் தாண்டிப் பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ, புண் ஆறாமல் நின்றாலோ தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். குளிர் விட்ட பிறகும் வீக்கம் வடியாவிட்டாலும் அப்படித்தான், காரணம் வேறாக இருக்கலாம்.

திரும்பத் திரும்ப வந்து வேலையையே கெடுத்தால் நிஃபெடிபைன் என்ற மாத்திரை தருவதுண்டு. ரத்தக்குழாயை விரிப்பது அது. ரத்த அழுத்தத்தைக் குறைக்கும், தலைவலியும் கால் வீக்கமும் வரலாம், அதனால் மருத்துவர் எழுதாமல் வாங்கக் கூடாது. எனக்கு அது இதுவரை தேவைப்படவில்லை. ஒரு யோசனை மட்டும்: வீங்கியிருக்கும்போதே, நல்ல வெளிச்சத்தில், போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவரைப் பார்க்கும் நாளில் விரல்கள் சாதாரணமாக இருந்தாலும், காட்டுவதற்கு அந்தப் படம் இருக்கும்.