ஜே, கே, பி, ஓ

ஜூன் 24, திங்கள்

மதுரையிலிருந்து கொண்டுவந்த மருத்துவச் சீட்டை, என்னிடம் தமிழ் படிக்கும் மாணவன் ஒருவனுடைய அம்மா வகுப்பு வாசலிலேயே என் கையில் கொடுத்துவிட்டு, "ஐயா, இந்த வருஷப் பரீட்சைய எழுதிடுவான்ல?" என்று கேட்டார். ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். பார்வையை மெல்ல மெல்லப் பறிக்கும் விழித்திரை நோயாம்.

ஜூன் 27, வியாழன்

வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் வந்து, மடிக்கணினியில் என்விடிஏ என்னும் திரைவாசிப்பானை, அதாவது திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் மென்பொருளை, நிறுவிக் கொடுத்தார். பார்வையற்றவரான ஆஸ்திரேலியர் மைக்கேல் கர்ரன் 2006-இல் தொடங்கிய மென்பொருளாம், காசு கிடையாது. இன்சர்ட் விசையோடு கீழ் அம்பை அழுத்தினால் தொடர்ந்து வாசிக்கும், கண்ட்ரோலை அழுத்தினால் வாயை மூடிக்கொள்ளும் என்று சொல்லிக்கொடுத்தவர், என் மௌஸைப் பிடுங்கி மேசை இழுப்பறைக்குள் போட்டார். பிறகு திரையையும் இருட்டாக்கினார். நான் ஒரு கோப்பைத் திறந்து மூடுவதற்குள் இடைவேளை மணி அடித்துவிட்டது.

ஜூன் 28, வெள்ளி

இன்றும் மௌஸைத் தேடிக் கை மேசையைத் தடவியது.

ஜூலை 3, புதன்

இலக்கணக் குறிப்புகளை அவனுடைய மடிக்கணினியில் ஏற்றிக் கொடுத்தேன். காதில் மாட்டிக் கேட்டவன் சிறிது நேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, "ஐயா, இதுல தமிழே இல்லையே" என்றான். எனக்குச் சுருக்கென்றது. தலைப்பில் இருந்த 'தமிழ்' என்ற சொல்லின்மேல் அம்பு விசையை வைத்து ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தினேன்: ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தவை அவை. ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ் வடிவங்களைப் போர்த்தியிருக்கிறோம் என்பது தெரிந்த செய்திதான். ஆனால் போர்வையைக் கண் மட்டுமே பார்க்கும் என்பதை, பதினெட்டு ஆண்டுகளாக அதிலேயே வினாத்தாளும் குறிப்பும் அடித்துக்கொண்டிருந்த நான் ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை. தமிழ் எழுத்துகளுக்கென்றே தனிக் குறியெண்கள் உள்ள யூனிகோடையே பயன்படுத்த வேண்டுமென்று தமிழக அரசு ஆணையிட்டது 2010-இல். அப்போதே மாற்றியிருக்கலாம். அச்சில் அழகாக வருகிறது என்று மாற்றாமல் விட்டேன்.

ஜூலை 9, செவ்வாய்

பேச்சு வேகத்தை நான் இருபதில் வைத்திருந்தேன். அவன் நாற்பத்தைந்துக்கு ஏற்றிவிட்டான்.

ஜூலை 14, ஞாயிறு

காலை முதல் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். எண்பத்து மூன்றில் ஒன்பது முடிந்தன. மாற்றியில் போட்டால் மாறிவிடும் என்பார்கள். மாறியபின் கொம்பும் காலும் இடம் தவறி நிற்பதை ஒவ்வொன்றாகத் திருத்துவது யார்? தமிழ்99 விசைப்பலகைக்கும் விரல்கள் பழக மறுக்கின்றன. ஒரே ஓர் ஆறுதல், அதில் ற மேல் வரிசையில் இருக்கிறது, ர கீழ் வரிசையில் இருக்கிறது. காது ஏமாந்தாலும் விரல் ஏமாறாது என்று நினைக்கிறேன்.

ஜூலை 22, திங்கள்

விரலும் ஏமாறுகிறது. அவன் தட்டச்சு செய்த கட்டுரையில் 'அறம்' எல்லா இடத்திலும் 'அரம்' என்றே இருந்தது. திரைவாசிப்பானை விட்டு இரண்டையும் வாசிக்கச் சொன்னேன். என் காதுக்கே வேறுபாடு தெரியவில்லை. பனி, பணி. கரை, கறை. போன ஆண்டு கையால் எழுதியபோது பிழையில்லாமல் எழுதியவன் அவன். கேட்டே படிப்பவனுக்குச் சொல்லின் உருவம் மெல்ல மெல்லக் கரைந்துபோகுமா? இரவெல்லாம் இதே நினைப்பு.

ஜூலை 29, திங்கள்

பயிற்றுநரிடம், விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்தான பிரெயிலைக் குத்துவதற்குச் சிலேட்டும் ஊசியும் வாங்கிவந்தேன். 1951-இல் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக வகுத்த பாரதி பிரெயில்தான் தமிழுக்கும். ஓர் எழுத்துக்கு ஆறு புள்ளி இடங்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். ர என்றால் 1, 2, 3, 5. ற என்றால் 1, 2, 4, 5, 6. குழப்பத்துக்கு இடமேயில்லை. இரவு உணவுக்குப் பின் கெட்டித் தாளைச் செருகி, பழக்க தோஷத்தில் பிள்ளையார் சுழி போட்டேன். 1, 3, 6. தாளைத் திருப்பித் தடவினால் உ இல்லை, ங இருந்தது. குத்துவது தாளின் பின்புறத்தில் என்பதால் வலமிருந்து இடமாக, கண்ணாடியில் தெரிவதுபோல் குத்த வேண்டும் என்று அவர் சொல்லியிருந்ததை மறந்துவிட்டேன். ஐம்பத்தோராம் வயதில் முதல் எழுத்திலேயே பிழை. வாய்விட்டுச் சிரித்தேன், வெகு நாளைக்குப் பிறகு.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

சிலேட்டை அவன் தொடவில்லை. "இது பார்வை இல்லாதவங்களுக்கு, ஐயா" என்றான். காதில் கருவி மாட்டிக்கொள்வதில் அவனுக்குக் கூச்சமில்லை. பேருந்தில் எல்லாரும்தான் மாட்டியிருக்கிறார்கள். புள்ளிகளைத் தடவினால் வகுப்பே பார்க்கும். நான் அவசரப்பட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 7, புதன்

வரவில்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

வரவில்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

வந்தான். நடைக்கூடத்தின் வெயிலிலிருந்து வகுப்புக்குள் நுழைந்தவன், இருட்டுக்குக் கண் பழகும்வரை வாசல் நிலையைப் பிடித்தபடியே நின்றான். முதல் பெஞ்சுப் பையன் பையை நகர்த்தி வழிவிட்டான். நான் ஒன்றும் கேட்கவில்லை.

மாலையில் பயிற்றுநரோடு வாக்குவாதம். பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர் உட்காருவார், கூடுதல் நேரமும் கிடைக்கும், எழுத்துப்பிழை வந்தால் அது எழுதுபவருடைய பிழை, நீங்கள் ஏன் ரகர றகரத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள் என்று கேட்டார். மதிப்பெண்ணுக்கு அவர் சொல்வது சரி. ஆனால் தேர்வு முடிந்த மறுநாள் இவன் யாருக்காவது ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தால், அப்போது பக்கத்தில் எழுதுபவர் இருக்கமாட்டாரே என்றேன். குரல் சற்று உயர்ந்துவிட்டது. அவர் தேநீரை முடிக்காமலே எழுந்து போனார். நாளை தொலைபேசியில் பேச வேண்டும்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

கோப்புகளில் இன்னும் நாற்பத்தொன்று மீதம். வேகத்தை அறுபதுக்கு ஏற்றிவிட்டான். ஒரு சொல்கூட எனக்குப் பிடிபடவில்லை, அவன் தலையாட்டிக்கொண்டே கேட்கிறான். சிலேட்டு என் பையிலேயே இருக்கிறது.