சி.டி. ஸ்கேன் காட்டாத கசிவுகள்

என் தம்பிக்கு வந்தது அக்யூட் புரோமைலோசைட்டிக் லுகீமியா. இரத்தப் புற்றுநோய்களுள் இன்று மிக நன்றாகக் குணமாகும் வகைகளில் இதுவும் ஒன்று. ஆனால் தொடக்க வாரங்களில் இரத்தம் உறையும் தன்மையே குலைந்துவிடுவதால், அப்போது உயிருக்கு வரும் பேராபத்து இரத்தக்கசிவுதான். இந்நோய்க்கான மருந்துகளான ஆட்ரா மாத்திரையும் ஆர்செனிக் ஊசியும் உடனே தொடங்கப்பட்டன. ஆயினும் நுரையீரலில் நீர் கோத்து, அவனை வென்டிலேட்டரில் வைக்க நேர்ந்தது.

மூச்சு சீரானதும் மயக்க மருந்தை நிறுத்தினார்கள். அவன் கண் திறக்கவில்லை. சி.டி. ஸ்கேனில் எதுவும் தென்படவில்லை. வெளியே தெரியாமல் மூளைக்குள் வலிப்பு ஓடுகிறதா என்று, மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. எடுத்துப் பார்த்து, அதுவும் இல்லையென்று தெரிந்த பின், எம்.ஆர்.ஐ. எடுத்தே தீர வேண்டும் என்றார் நரம்பியல் மருத்துவர். செயற்கைச் சுவாசத்தில் இருப்பவரைக் காந்த அறைக்குக் கொண்டுபோவது எளிதன்று. அங்கே வைக்கத்தக்க தனி வென்டிலேட்டர் வேண்டும், மருந்து செலுத்தும் பம்புகளை வெளியே நிறுத்தி நீண்ட குழாய்கள் இணைக்க வேண்டும். அந்த ஆபத்தை ஏற்றுக் கையெழுத்திட்டேன்.

எம்.ஆர்.ஐ.யின் எஸ்.டபிள்யூ.ஐ. என்னும் படவரிசையில் கரும்புள்ளிகள் பல தெரிந்தன. கசிந்த இரத்தத்தின் இரும்பு காந்தப்புலத்தைக் கலைப்பதால், சி.டி.க்குத் தெரியாத நுண்கசிவுகளும் இதில் தெரிகின்றன என்று மருத்துவர் விளக்கினார். நெடுநாள் இரத்தக்கொதிப்பால் வரும் நுண்கசிவுகள் பெரும்பாலும் மூளையின் ஆழ்பகுதியில் இருக்கும். இவையோ மூளையின் மேலடுக்கான புறணியை ஒட்டியும், இரு பாதிகளை இணைக்கும் கார்பஸ் கலோசத்திலும் இருந்தன. கடும் நோயில் வென்டிலேட்டரில் கிடந்தவர்களிடம் காணப்படும் அமைப்பு அது. புள்ளிகளை எண்ணி அவன் எழுவானா என்று சொல்லிவிட முடியாது என்றும் அவர் தெளிவாகவே கூறினார். பொய்யான உறுதியைவிட அந்தச் சொல்லே என்னைத் தாங்கியது.

மேலும் கசியாதிருக்க, இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் 50,000க்கும், உறைதலுக்கான புரதமாகிய பைப்ரினோஜென் 150க்கும் குறையாமல் காக்கப்பட்டன. காலில் இரத்தம் உறையாதிருக்கப் போட்டு வந்த ஹெப்பாரினை நிறுத்திவிட்டு, காலை அழுத்தி விடும் காற்றுறைகளை அணிவித்தார்கள். எஸ்.டி.பி., அதாவது ஒரே கொடையாளரிடமிருந்து இயந்திரத்தால் பிரித்தெடுக்கும் தட்டணு, தருபவர்களைத் திரட்டும் பொறுப்பு எங்களுடையது. மூன்று நாட்களுக்குள் ஆஸ்பிரின் விழுங்கியவர் தட்டணு தர முடியாது என்பதால், தொலைபேசியிலேயே அதைக் கேட்டுவிடுவது நல்லது. வீணான அலைச்சலைத் தவிர்க்கலாம்.

அவன் மெல்ல விழித்தான். முதலில் கண்ணால் தொடர்ந்தான், பிறகு விரலை அசைத்தான். மறதி இன்னும் முழுதாக நீங்கவில்லை. பின்னர் எடுத்த எம்.ஆர்.ஐ.யிலும் அதே புள்ளிகள் இருந்தன. இரும்பின் படிவு ஆண்டுக்கணக்கில் தங்கும் என்பதால் அதைப் புதிய கசிவென்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அப்படிச் சொல்லப் பழைய படம் கையில் இருந்தாக வேண்டும். ஆகவே அறிக்கைத் தாளோடு நிற்காமல், படங்கள் அடங்கிய குறுந்தகட்டையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.