மில்மன் பாரியை வாசிக்கும் நாட்கள்

ஜனவரி 6

ஹோமரை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் மில்மன் பாரியின் கட்டுரைகளைக் கையிலெடுத்தாயிற்று. அவர் மகன் ஆடம் பாரி 1971இல் தொகுத்தது. கனமான புத்தகம், மடியில் வைத்துப் படிக்க முடியாது. ஓக்லண்டில் 1902இல் பிறந்தவர், பெர்க்லியில் எம்.ஏ., பிறகு பாரிஸ். சோர்போனில் 1928இல் முனைவர் பட்டம். இலியட், ஒடிசி என்ற கிரேக்கக் காவியங்களில் ஹோமர் கையாளும் அடைமொழிகளைப் பற்றிய ஆய்வேடு, அதுவும் பிரெஞ்சில். தலைப்பைக் கேட்டதும் கொட்டாவி வருவது இயல்புதான்.

ஜனவரி 8

கொட்டாவி போய்விட்டது.

இலியட்டின் வீரன் அக்கிலீஸ் கோபித்துக்கொண்டு கூடாரத்தில் உட்கார்ந்திருக்கும்போதும் 'விரைந்த காலுடையவன்'தான். கரையில் இழுத்துப் போட்ட கப்பலும் 'விரைவுக் கப்பல்'தான். இதற்கு நயம் கண்டுபிடித்து மாய்ந்துபோனவர்கள் உண்டு. பாரி நயம் தேடவில்லை, அளந்தார். வரியின் கடைசியில் மிஞ்சும் இடம் சிறிதா, நடுத்தரமா, பெரிதா? ஒடிசியின் நாயகன் ஓடிசியஸுக்கு ஆழாக்கு, உழக்கு, படி என்று மூன்று அளவில் பெயர்த்தொடர்கள் தயாராக இருக்கின்றன. அக்கிலீஸுக்கும் அதே மூன்று இடங்களுக்கு மூன்று. ஓர் அளவுக்கு ஒரு தொடர் என்பதே பெரும்பாலும் விதி, இரண்டாவது அபூர்வம். இத்தனை சிக்கனமான ஏற்பாட்டை ஒரு கவிஞர் தனியாக உட்கார்ந்து செய்திருக்க முடியாது. தலைமுறைகள் தேய்த்துத் தேய்த்து உருவாக்கியது என்கிறார். மறுக்க எனக்கு வழி தெரியவில்லை.

ஜனவரி 11

ஆய்வேட்டில் அவர் சொன்னது 'மரபு' என்பது மட்டுமே. 'வாய்மொழி', அதாவது எழுதாமல் பாடிக்கொண்டே கட்டியது என்பது பிறகு வருகிறது. பாரிஸில் ஆசிரியர் அந்துவான் மெய்யே அந்தப் பக்கம் கைகாட்டியிருக்கிறார். யூகோஸ்லாவியப் பாடகர்களை நேரில் கேட்டு எழுதியவரான மாத்தியா முர்கோவின் அறிமுகமும் அங்கேதான். 1929இல் ஹார்வர்டில் வேலை. அதன் பிறகு நூலகத்திலேயே காலம் தள்ளியிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். 1933 கோடையில் யூகோஸ்லாவியாவுக்குக் கிளம்பிவிட்டார்.

ஜனவரி 15

1934-35இல் மறுபடியும் யூகோஸ்லாவியா, பாட்டுகளைப் பதிவுசெய்ய. கூடவே மாணவர் ஆல்பர்ட் லார்ட், உள்ளூர் உதவியாளர் நிகோலா வுய்னோவிச். ஓர் ஒலித்தட்டு நிறைந்ததும் பாட்டு அறுந்துவிடாமல் அடுத்ததுக்குத் தாவ இரட்டைத் தட்டுக் கருவி. அலுமினியத் தட்டுகள் மட்டும் 3,500க்கு மேல்.

பியெலோ போல்யே என்ற ஊரில் அவ்தோ மெஜெதோவிச் என்ற பாடகர். கசாப்புத் தொழில், எழுதப் படிக்கத் தெரியாது. பாரி செய்த சோதனையை இன்று இரண்டு முறை படித்தேன். முமின் என்ற பாடகரை, அவ்தோ அதுவரை கேட்டிராத ஒரு கதையைப் பாடச் சொல்கிறார். 2,294 வரி. அவ்தோ பக்கத்திலிருந்து கேட்கிறார். முடிந்ததும், "இதை நீங்கள் பாடுவீர்களா?" அவ்தோ பாடுகிறார்: 6,313 வரி. கதை அதேதான். ஆடை, குதிரை, மனக்கலக்கம் எல்லாம் விரிந்துகொண்டே போயிருக்கின்றன. மனப்பாடம் என்றால் இப்படி வளராது. அவரே சொல்லச் சொல்ல எழுதிக்கொண்ட இன்னொரு பாட்டு 12,311 வரி, ஏறத்தாழ ஒடிசியின் நீளம். முமினுக்கு அன்று எப்படி இருந்திருக்கும், பாவம்.

ஜனவரி 16

1935 டிசம்பர் 3. லாஸ் ஏஞ்சலஸ் விடுதி அறையில் துப்பாக்கிக் குண்டு பட்டுப் பாரி மரணம். வயது 33. காரணம் பற்றிப் பலரும் பலவிதமாக எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் ஆர்வமில்லை. தட்டுகள் ஹார்வர்டில் இருக்கின்றன. இந்தப் பாடகர்களைப் பற்றிய தன் நூலை லார்ட் 1960இல்தான் வெளியிட்டார்.

ஜனவரி 20

இலங்கைத் தமிழறிஞர் கைலாசபதியிடம் வந்து சேர்ந்தேன். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் அவருடைய ஆய்வுக்கு வழிகாட்டியவர் ஜார்ஜ் தாம்சன். கிரேக்கப் பேராசிரியர், அயர்லாந்தின் பிளாஸ்கட் தீவு மக்களின் பேச்சைக் கேட்டு ஹோமரைப் புரிந்துகொண்டவர். பாரி, லார்ட் முறையைச் சங்கப் பாடல்களுக்குப் பொருத்திய கைலாசபதியின் ஆங்கில நூல் 1968இல் ஆக்ஸ்போர்டில் வந்தது. பாணனும் பொருநனும் பாடித் திரிந்த உலகத்தை அவர் காட்டும் இடங்களில் எனக்கு முழுச் சம்மதம். ஆனால் அகநானூற்றில் 31 அடிதான் உச்சவரம்பு. கேட்பவர் எதிரே இருக்க, நிற்காமல் ஆயிரக்கணக்கான வரிகளைக் கட்டிக்கொண்டே போகவேண்டிய நெருக்கடிதான் அவ்தோவுக்கு வாய்பாட்டை, அதாவது தயார்நிலைத் தொடர்களை, தேவையாக்கியது. அந்த நெருக்கடி இங்கே எங்கே? தொடர்கள் திரும்ப வருவதால் மட்டும் வாய்மொழி என்றாகிவிடாது; படித்த புலவரும் பாணர் மரபைப் பின்பற்றி எழுதலாமே.

ஆற்றுப்படைகள் வேறு கணக்கு, பொருநராற்றுப்படை 248 அடி. நாளை அங்கிருந்து தொடங்க வேண்டும், பென்சிலும் கையுமாக.