கோட்டுக் கைக்குள் காணாமல் போன விரல்கள்

முதன்முதலாக ரோபோட்டிக்ஸ் போட்டிக்குப் பிள்ளைகளைக் கோலாலம்பூருக்கு அழைத்துப் போனபோது, ரோபோவைவிட உடுப்பைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்பட்டேன். பினாங்கு மாநிலத்துச் செபராங் பிறையில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை நான். அணியில் ஆறு பேர், எல்லாரும் ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள். நாங்கள் போன போட்டி, லெகோ துண்டுகளால் ரோபோ செய்யும் ஃபர்ஸ்ட் லெகோ லீக். அதில் ரோபோ மேசைமேல் ஓடுவது இரண்டரை நிமிடம்தான். அதைத் தவிர ஓர் அறைக்குள் அரை மணி நேரம் நடுவர்கள் முன் நின்று, செய்ததை விளக்கி, கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். விருதுகளில் பெரும்பாலானவை அந்த அறையில்தான் முடிவாகின்றன.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் உடுப்புப் பேச்சை எடுத்தேன். "தீபாவளிக்கு எடுத்த குர்த்தா புதுசாவே இருக்கு டீச்சர்" என்றார் ஒரு தாய். பள்ளிச் சீருடையே போதும் என்றார் லாரி ஓட்டும் ஓர் அப்பா. அவர் சொன்னதைக் கேட்டிருக்கலாம். நான் கோட்டுத்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். பட்டணத்துப் பெரிய பள்ளிப் பிள்ளைகள் கோட்டும் கழுத்துப்பட்டையுமாக வருவார்கள், அவர்கள் பக்கத்தில் நம் பிள்ளைகள் குறுகிப்போய் நிற்கக் கூடாதே என்ற பயம். பிள்ளைகளுக்கு அந்தப் பயமே இல்லை. எனக்குத்தான்.

தோழி ஒருத்தி வழியாக, ஓர் இடைநிலைப்பள்ளி வாத்தியக் குழுவின் ஆறு கறுப்புக் கோட்டுகள் இரவலாகக் கிடைத்தன. பதினைந்து வயதுப் பையன்களுக்குத் தைத்தவை. தோளை ஒன்றும் செய்ய முடியவில்லை. கையை மட்டும் உள்ளே மடித்து ஊக்கு குத்தினேன். சப்பாத்தும் புதிது வாங்கச் சொன்னேன், அதுவும் என் யோசனைதான்.

போட்டியன்று காலை பசியாற, சம்பல் வைத்த தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக் வந்தது. கோட்டு எல்லாவற்றையும் நான் மடியில் வைத்துக் காத்தேன், வெள்ளைச் சட்டையை யார் காப்பது? ஒரு பையன் நெஞ்சில் சம்பல் விழுந்து, ஈரத்துணியால் துடைக்கத் துடைக்கப் பரவியது. சரி, கோட்டுக்குள் மறைந்துவிடும் என்று பொத்தானைப் போட்டுவிட்டேன்.

அறைக்குள் பயிற்சியாளர் ஓரமாக உட்காரலாம், வாய் திறக்கக் கூடாது. பிள்ளைகள் நன்றாகத்தான் தொடங்கினார்கள். பிறகு ஒரு நடுவர், ரோபோவின் முன்னால் கழற்றி மாட்டும் கருவியை, அதாவது அட்டாச்மென்ட்டை, எவ்வளவு வேகமாக மாற்றுவீர்கள், காட்ட முடியுமா என்று கேட்டார். எங்களுக்கு இதைவிட நல்ல கேள்வி கிடையாது. அணியில் அதை நாலே விநாடியில் மாற்றும் பையன் ஒருவன் இருந்தான், பள்ளியில் கண்ணை மூடிக்கொண்டே செய்வான். குனிந்தான். ஊக்கு கழன்று கோட்டுக் கை சரிந்து விரல் நுனி வரை மூடிக்கொண்டது. இழுத்துவிட்டான், மறுபடி சரிந்தது. கைப்பொத்தான் ரோபோவின் கம்பியில் மாட்டியது. பலமாக உருவியதில் அட்டாச்மென்ட்டும் பொத்தானும் சேர்ந்து தெறித்தன. நடுவர்கள் அன்பாகத்தான் சிரித்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு அவன் ஒரு கேள்விக்கும் வாய் திறக்கவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். வெளியே வந்ததும் ஒரு பெண் பிள்ளை சப்பாத்தைக் கழற்றிக் காட்டினாள், குதிகாலில் கொப்புளம் உடைந்திருந்தது. அரை மணி நேரமும் ஒரு காலில்தான் நின்றிருக்கிறாள்.

பினாங்குக்குத் திரும்பி வரும் வழியெல்லாம் நான் பேசவில்லை.

பிறகு வேறொரு போட்டிக்கு என்னையே நடுவராகக் கூப்பிட்டார்கள். அப்போதுதான் மேசைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரிந்தது. லெகோ லீக் மதிப்பீட்டுத் தாளில் பிரச்சினையை அடையாளம் காணுதல், வடிவமைத்தல், உருவாக்குதல், திருத்துதல், எடுத்துரைத்தல் என்று ஐந்து தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை நிலைகள். நான் நடுவராக உட்கார்ந்த இடத்திலும் ஏறக்குறைய அப்படித்தான். உடுப்புக்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது. அதற்காக உடுப்பு கண்ணில் படாது என்று சொன்னால் பொய். மதியத்திற்குள் பத்து அணிகளைப் பார்த்த பிறகு, நாங்கள் நடுவர்கள் எங்களுக்குள் பேசிக்கொண்ட விதம் இதுதான்: "அந்த ஆரஞ்சுச் சட்டைக்காரங்க, தண்ணிக் குழாய் வச்சுச் செஞ்சாங்களே, அவங்கதானே?" அணியின் பெயரோ எண்ணோ வாயில் வரவில்லை. நிறம்தான் வந்தது. கோட்டு போட்டு வந்த இரண்டு அணிகளை நாங்கள் ஒன்றோடொன்று குழப்பிக்கொண்டதும் உண்டு. குறிப்பைப் புரட்டித்தான் தெளிந்தோம்.

அதிலிருந்து எங்கள் அணிக்கு மஞ்சள் டி-சட்டை. விலை 25 வெள்ளி (ரிங்கிட்), முதுகில் பள்ளிப் பெயர் பெரிதாக. கீழே சீருடையின் கருநீலக் காற்சட்டை, பெண் பிள்ளைகளுக்கும் கால்சட்டைதான், தரையில் மண்டியிட்டு ரோபோவைக் காட்ட வேண்டுமே. காலில் அன்றாடம் போடும் பள்ளிச் சப்பாத்து. 2021இல் எல்லாப் பள்ளியிலும் கறுப்புச் சப்பாத்து கட்டாயமானதில் எனக்கு இரட்டை மகிழ்ச்சி. முன்பெல்லாம் வெள்ளைச் சப்பாத்துக்குச் சுண்ணம் பூசியே ஞாயிற்றுக்கிழமை போய்விடும், காய்வதற்குள் மழை வரும். பெரிய பிள்ளைகள் போகும் ஃபர்ஸ்ட் ரோபோட்டிக்ஸ் போட்டியில் வேலை செய்யும் இடத்துக்குள் முன்புறம் மூடிய சப்பாத்தும் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டே ஆக வேண்டும். எங்கள் சின்ன ரோபோவுக்கு அவ்வளவு தேவையில்லை. இருந்தாலும் செருப்போடு வரும் பழக்கத்தை இப்போதே விடட்டும் என்று நானும் விடுவதில்லை.

மண்டபத்தில் குளிர் அதிகம், அதனால் உள்ளே ஒரு பனியன். புதுச் சட்டையை ஒரு வாரம் முன்பே கொடுத்து, போட்டுக்கொண்டு பயிற்சி செய்ய வைப்பேன். போட்டியன்று வீட்டுச் சட்டையில் பசியாறிவிட்டு, அப்புறம்தான் மஞ்சள் சட்டை. சம்பல் தந்த பாடம்.

குர்த்தா கொண்டுவந்த தாய்க்கு இன்னும் மனத்தாங்கல்தான். பரிசளிப்பு மேடைக்கு மட்டும் போடட்டும் என்று ஒத்துக்கொண்டேன். அந்த வருடம் எங்களுக்குப் பரிசு எதுவும் கிடைக்கவில்லை. குர்த்தா மடிப்புக் கலையாமல் வீடு திரும்பியது.

இரவல் கோட்டுகளைத் தோபியில் கொடுத்துத் திருப்பினேன். ஒன்றில் கைப்பொத்தான் இல்லை. அதே மாதிரி பொத்தான் தேடி ஜார்ஜ்டவுனில் நாலைந்து தையல் சாமான் கடை ஏறி இறங்கினேன், அகப்படவில்லை. பரவாயில்லை டீச்சர் என்று அவர்களும் விட்டுவிட்டார்கள். போன மாதம் லெகோ பெட்டியைக் கொட்டிச் சாமான் பிரித்துக்கொண்டிருந்தபோது, புதிதாகச் சேர்ந்த நாலாம் ஆண்டுப் பெண் ஒருத்தி பற்சக்கரங்களுக்கு நடுவிலிருந்து எதையோ எடுத்து நீட்டினாள்.

"டீச்சர், நாலு ஓட்டை இருக்கு, ஆனா எந்தக் கம்பியும் நுழைய மாட்டேங்குது. இது எந்த செட்டுல உள்ளது?"